திரைப்படங்களில் பழங்குடியினரும் வன்முறையும்: கிறித்தவப் பார்வை

திரைப்படங்களில் பழங்குடியினர் பெரும்பாலும் இரண்டு உருவங்களில் வருகின்றனர். ஒன்று, காட்டோடு ஒன்றி வாழும் கள்ளமற்ற மனிதர். மற்றொன்று, அடிபட்டு அலறும் மனிதர். இவ்விரு சித்திரிப்புகளையும் கிறித்தவ அறநெறி எவ்வாறு மதிப்பிடுகிறது என்பதை, செங்கல்பட்டு வட்டார இருளர்களின் வாழ்வையும் ‘ஜெய் பீம்’, ‘தி மிஷன்’ ஆகிய படங்களையும் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

வட்டாரப் பின்புலம்

அச்சரப்பாக்கம், சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் உள்ள பேரூராட்சி. இங்குள்ள குன்றின் மேல் மழை மலை மாதா திருத்தலம் அமைந்துள்ளது. இவ்வூர் அடங்கிய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருளர்கள் பரவலாக வாழ்கின்றனர். தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகளாக அரசு வகைப்படுத்தியுள்ள ஆறு இனங்களுள் இருளரும் ஓர் இனம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தில் இவர்களின் எண்ணிக்கை ஏறக்குறைய 1.9 லட்சம்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் (1972) வந்த பின்னர், பாம்புத்தோல் வணிகத்தை நம்பியிருந்த இருளர்கள் பிழைப்பை இழந்தனர். அதன் பின் 1978-இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. அங்கு எடுக்கப்படும் நஞ்சு, பாம்புக்கடி மருந்து தயாரிக்கப் பயன்படுகிறது. இம்மாவட்டத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருளர்கள் 2023-இல் பத்மஸ்ரீ விருது பெற்றனர். மறுபுறம், கொத்தடிமை முறை 1976-இல் சட்டப்படி ஒழிக்கப்பட்ட பின்னரும், செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் மரம் வெட்டும் இடங்களிலும் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு உழைத்த குடும்பங்கள் உண்டு. மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் கூடிக் கன்னியம்மனை வழிபடுவது இவர்களின் மரபு. ‘காட்டு மனிதர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இவ்வாழ்வு அடங்காது.

கிறித்தவ அடிப்படைகள்

மனிதர் அனைவரும் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவர் என்று தொடக்கநூல் கூறுகிறது. எனவே எந்த இனத்தையும் தாழ்த்திக் காட்டுவது தவறு. அதேவேளை, எல்லா மனிதரும் பாவத்துக்கு உட்பட்டவர் என்பதும் கிறித்தவப் போதனையே. ஆகவே ஓர் இனம் முழுவதையும் மாசற்றவர்களாகக் காட்டுவதும் உண்மையாகாது. நன்மை, தீமை இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் உரிமை முழு மனிதருக்கு உரியது. புகழ்ச்சியாகவே இருந்தாலும், அவ்வுரிமையைப் பறிக்கும் சித்திரிப்பு அவர்களைக் குழந்தைகளாக்கிவிடுகிறது.

வன்முறையை விவிலியம் மறைப்பதில்லை. காயின் தன் தம்பி ஆபேலைக் கொன்றதை அது தொடக்கத்திலேயே சொல்கிறது. ஆனால் இயேசு சிலுவையில் அறையப்பட்டதை நற்செய்தியாளர்கள் நால்வரும் மிகச் சுருக்கமாகவே எழுதினர். காயங்களை விரித்து எழுதவில்லை. இதனால்தான் ‘தி பேஷன் ஆஃப் தி கிறைஸ்ட்’ (2004) படத்தின் சித்திரவதைக் காட்சிகள் கிறித்தவரிடையிலும் விவாதத்துக்கு உள்ளாயின. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஆணை, தீமையைச் சித்திரிப்பது மனிதரை ஆழமாக அறிய உதவலாம் என ஏற்கிறது. ஆனால் அது அறநெறி வரம்புக்குள் இருக்கவேண்டும் என்கிறது.

ஜெய் பீம்

த. செ. ஞானவேல் இயக்கிய ‘ஜெய் பீம்’ 2021 நவம்பர் 2 அன்று வெளியானது. 1993-இல் விருத்தாசலம் அருகே முதனையைச் சேர்ந்த ராஜாக்கண்ணு காவலில் இறந்த வழக்கே இதன் அடிப்படை. வழக்கறிஞர் கே. சந்துரு பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதியானார். உண்மையில் ராஜாக்கண்ணு குறவர் சமூகத்தவர். படத்தில் அவர் இருளராகக் காட்டப்பட்டார்.

சித்திரவதைக் காட்சிகள் நீளமானவை என்பது இப்படத்தின் மீது வைக்கத்தக்க குறை. வழக்கறிஞரே மீட்பராக முன்நிற்கிறார் என்பது இன்னொன்று. ஆயினும் செங்கேணி பணம் பெற்றுச் சமரசமாக மறுக்கும் காட்சியில், துன்புறுபவரே முடிவெடுப்பவராகவும் ஆகிறார்.

தி மிஷன்

ரோலண்ட் ஜாஃபி இயக்கிய ‘தி மிஷன்’ (1986) கான் திரைப்பட விழாவின் உயரிய விருதைப் பெற்றது. தென் அமெரிக்கக் குவாரனி மக்களிடையே பணியாற்றிய இயேசு சபைக் குருக்களின் கதை இது. 1750-ஆம் ஆண்டு மாட்ரிட் ஒப்பந்தம் அம்மக்களின் ஊர்களை ஸ்பெயினிடமிருந்து போர்ச்சுகலுக்கு மாற்றியது. இறுதியில் ஒரு குரு ஆயுதம் ஏந்துகிறார். மற்றொருவர் நற்கருணையை ஏந்தி நடக்கிறார். வன்முறை பற்றிய கிறித்தவக் கேள்வியை இப்படம் நேர்மையாக எழுப்புகிறது. ஆனால் முடிவெடுப்பவர் அனைவரும் ஐரோப்பியரே. வரலாற்றில் குவாரனி மக்கள் தம் மொழியிலேயே எதிர்ப்புக் கடிதங்கள் எழுதினர். செப்பே தியராஜு போன்ற தலைவர்களின் கீழ் போரிட்டனர்.

இவ்வரலாற்றில் திருச்சபைக்கும் பொறுப்பு உண்டு. திருத்தந்தை மூன்றாம் பவுல் 1537-இல் பூர்வகுடிகளின் விடுதலையையும் உடைமையையும் பறிக்கக்கூடாது என அறிவித்தார். எனினும், குடியேற்ற ஆட்சியாளர் நிலங்களைக் கைப்பற்ற நியாயமாகக் காட்டிய ‘கண்டுபிடிப்புக் கோட்பாட்டை’ வத்திக்கான் வெளிப்படையாக மறுதலித்தது 2023 மார்ச்சில்தான்.

பார்வையாளரின் கடமை

நல்ல சமாரியர் உவமையில், அடிபட்டுக் கிடந்தவரை மூவரும் பார்த்தனர்; ஒருவரே அருகில் சென்றார். பார்த்து இரங்குவதோடு நின்றுவிடுவது போதாது என்பதே அதன் பாடம். ‘ஜெய் பீம்’ வெளியான இரண்டாம் நாள், தீபாவளியன்று, மாமல்லபுரம் அருகே பூஞ்சேரியில் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்கு முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் வீட்டுமனைப் பட்டாக்களும் சாதிச் சான்றிதழ்களும் வழங்கினார். திரையில் இருளர்களின் துன்பத்தைக் கண்டு கலங்கியவர்கள் அறிந்துகொள்ள வேண்டியது இதுவே: தம் ஊர் எல்லையில் வாழும் அம்மக்களுக்கு முதல் தேவை இத்தகைய ஒரு துண்டுக் காகிதமாக இருக்கலாம்.