இரைப்பைச் சிரைகளில் இரத்தக் கசிவு: வளையமா, பசையா?

"பக்கத்து வீட்டுக்காரருக்கும் இதே கல்லீரல் நோய்தான். அவருக்கு ரப்பர் வளையம் போட்டார்கள். எங்கள் அப்பாவுக்கு மட்டும் ஏன் பசை ஊசி என்கிறீர்கள்?" திட்டக்குடி, பெண்ணாடம், விருத்தாசலம் பகுதிகளிலிருந்து வரும் குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வியே. இரத்தம் கசியும் சிரை எந்த இடத்தில் உள்ளது என்பதே இதற்கு விடை.

குடலிலிருந்து திரும்பும் இரத்தம், போர்ட்டல் சிரை என்னும் பெருங்குழாய் வழியே கல்லீரலைக் கடந்துதான் இதயத்தை அடைகிறது. மதுவாலோ, ஹெபடைடிஸ் பி, சி கிருமிகளாலோ, கொழுப்புப் படிவதாலோ கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும்போது அந்த வழி குறுகிவிடுகிறது. இந்நிலையையே சிரோசிஸ் என்கிறோம். மதகு அடைபட்டால் ஏரி நீர் கிடைத்த வாய்க்காலில் எல்லாம் ஏறிப் பாய்வதை வெலிங்டன் ஏரிப் பாசனத்தார்க்கு விளக்க வேண்டியதில்லை. அதுபோலவே, தேங்கிய இரத்தம் உணவுக்குழாயிலும் இரைப்பையிலும் உள்ள சிறு சிரைகளுக்குள் புகுந்து அவற்றைப் புடைக்கச் செய்கிறது. அவ்வாறு புடைத்த சிரை ஒருநாள் வெடிக்கக்கூடும்.

இரைப்பைச் சிரைகளை இருப்பிடத்தைக் கொண்டு வகைப்படுத்தும் முறையை உலகுக்குத் தந்தவர் புதுதில்லியைச் சேர்ந்த மருத்துவர் எஸ்.கே.சரின். 568 நோயாளிகளை ஆராய்ந்து 1992ஆம் ஆண்டில் அவர் குழுவினர் வெளியிட்ட வகைப்பாட்டையே இன்றும் எண்டோஸ்கோபி அறிக்கைகளில் காண்கிறோம். ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு இரைப்பையில் புடைத்த சிரைகள் இருந்தன. உணவுக்குழாய்ச் சிரைகளைவிட அவை குறைவான பேருக்கே வெடித்தன. ஆனால் வெடித்தபோது இழப்பு கடுமையாக இருந்தது. கூடுதல் இரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது.

உணவுக்குழாயிலிருந்து இரைப்பையின் உள்வளைவை ஒட்டி இறங்கும் சிரைகள் முதல் வகை. இவற்றை உணவுக்குழாய்ச் சிரைகளைப் போலவே கருதி, பெரும்பாலும் வளையமிட்டே கட்டிவிடலாம். இரைப்பையின் மேற்கூரை போன்ற பகுதிக்கு ஃபண்டஸ் என்று பெயர். அங்கே திராட்சைக் கொத்துப்போல் திரளும் சிரைகள்தாம் சிக்கலானவை.

வளையமிடும்போது சிரையை எண்டோஸ்கோப்பின் முனைக்குள் உறிஞ்சி இழுத்து, அடியில் சிறு ரப்பர் வளையத்தை நழுவவிடுவர். கட்டுண்ட பகுதி கருகிச் சில நாள்களில் உதிரும். அவ்விடத்தில் சிறு புண் ஆறும். உணவுக்குழாயின் மெல்லிய சிரைக்கு இது மிகப் பொருத்தமானது. ஃபண்டஸ் சிரையோ தடித்தது, ஆழத்தில் கிடப்பது. முழுவதும் உறிஞ்சப்படாமல் பாதி மட்டும் கட்டுப்பட்டால், வளையம் உதிர்ந்த புண்ணின் அடியில் பெரிய சிரை திறந்த நிலையில் நிற்கும். அப்போது எழும் இரத்தப்போக்கு முதலில் வந்ததைவிட மோசமாகலாம்.

எனவேதான் பசை. சயனோஅக்ரிலேட் என்னும் இந்த மருந்து, கடைகளில் கிடைக்கும் உடனடிப் பசையின் உறவினமே. 1986இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் சோகெந்திரா குழுவினர் இதனை இரைப்பைச் சிரைகளுக்குப் பயன்படுத்திய அனுபவத்தை வெளியிட்டனர். ஊசி வழியே சிரைக்குள் செலுத்தியதும், இரத்தம் பட்ட சில நொடிகளில் அது இறுகுகிறது. விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் அச்சுக்குள் வார்த்த களிக்கூழ் அச்சின் உருவையே பெறுவதுபோல, பசையும் சிரையின் உட்புற உருவிலேயே கெட்டியாகி வழியை அடைத்துவிடுகிறது. வாரங்களோ மாதங்களோ கழித்து அக்கட்டி இரைப்பைக்குள் உதிர்ந்து மலத்தோடு வெளியேறும்.

இரு முறைகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட தைவான் ஆய்வு ஒன்று 2006இல் வெளியானது. கசிவை அப்போதைக்கு நிறுத்துவதில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. மீண்டும் கசிந்தது, வளையமிட்டோரில் ஏறத்தாழ 44 விழுக்காட்டினருக்கும் பசை பெற்றோரில் 22 விழுக்காட்டினருக்கும். மாத்திரை மட்டும் போதாதா என்போருக்கு 2010இல் தில்லியிலிருந்து வெளிவந்த ஆய்வு விடையளிக்கிறது. ஒருமுறை கசிந்த ஃபண்டஸ் சிரைகள் மாத்திரை மட்டும் உண்டோரில் 55 விழுக்காட்டினருக்கும், பசைச் சிகிச்சை பெற்றோரில் 15 விழுக்காட்டினருக்கும் மறுபடி கசிந்தன.

பசைக்கும் ஆபத்து உண்டு. அதை மறைத்து ஒப்புதல் கையொப்பம் பெறுவது எங்களுக்கு உடன்பாடன்று. இறுகும் முன் ஒரு துளி இரத்த ஓட்டத்தோடு சென்று நுரையீரலை அடைத்துவிடலாம். காய்ச்சல், கிருமித்தொற்று, உதிரும் இடத்தில் மறுகசிவு ஆகியனவும் நேரலாம். சிரை மிகப் பெரியதாக இருந்தால், ஒலியலைக் கருவி பொருத்திய எண்டோஸ்கோப்பினால் சிரையைக் கண்டு, முதலில் உலோகச் சுருளை வைத்துப் பின்னர் பசையைச் செலுத்துவர். சுருள் பசையைப் பிடித்து நிறுத்துகிறது. இவை எதற்கும் அடங்காத கசிவுக்கு, கழுத்துச் சிரை வழியே கல்லீரலுக்குள் மாற்றுக் குழாய் அமைக்கும் டிப்ஸ் என்னும் முறை இருக்கிறது.

பசைச் சிகிச்சைக்குக் குடல், கல்லீரல் சிறப்பு மருத்துவர் உள்ள பெரிய மருத்துவமனை வேண்டும். திட்டக்குடியிலிருந்து திருச்சிக்கோ புதுச்சேரிக்கோ செல்வது மணிக்கணக்கான பயணம். ஆகவே இரத்த வாந்தியோ தார்போன்ற கருமலமோ கண்டவுடன் 108ஐ அழையுங்கள். முதலில் அருகிலுள்ள மருத்துவமனைக்கு வாருங்கள். சிரை அழுத்தத்தைக் குறைக்கும் டெர்லிபிரெசின் அல்லது ஆக்ட்ரியோடைடு ஊசியும், கிருமி எதிர்ப்பு மருந்தும் அங்கேயே தொடங்கப்படலாம். நிலைமை சீரானபின் 12 மணி நேரத்திற்குள் எண்டோஸ்கோபி செய்துவிடுவதே இலக்கு. "இன்னும் இரண்டு பாட்டில் இரத்தம் ஏற்றுங்கள்" என உறவினர் வற்புறுத்துவதுண்டு. தேவைக்கு மேல் ஏற்றினால் சிரையின் அழுத்தம் கூடிக் கசிவு வலுக்கும். பொதுவாக ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழ் இறங்கும்போதே இரத்தம் ஏற்றுகிறோம்.

வீடு திரும்பிய பின், சிரை முற்றிலும் அடைபட்டதா என்பதை உறுதிசெய்யக் குறித்த நாளில் மறு எண்டோஸ்கோபிக்கு வாருங்கள். மூட்டுவலிக்கென டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவற்றைக் கடையில் தாமாக வாங்கி உண்ணக் கூடாது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கருமலம் இவற்றில் ஒன்று தோன்றினாலும் மறுநாள் வரை காத்திராதீர்கள். எண்டோஸ்கோபி அறிக்கையைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருங்கள். அதில் ஃபண்டஸ் என்ற சொல் இருந்தால், நள்ளிரவில் உங்களை முதன்முறை காணும் மருத்துவரிடம் அதனை முதலில் காட்டுங்கள்.