ராப் 7 ஏறாத வண்டி

காசநோய் என்றாலே "எதிர்ப்புச் சக்தி குறைஞ்சா வரும்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அது பாதி உண்மைதான். உடம்பின் காவல் செல்கள் இந்தக் கிருமியைக் கண்டுபிடிக்கின்றன, விழுங்கவும் செய்கின்றன. விழுங்கிய பிறகுதான் காரியம் கெடுகிறது. கெடுகிற இடத்தில் இருப்பது ராப் என்னும் மிகச் சிறிய புரதம். திருத்தணி வட்டாரத்தில் சளிப் பரிசோதனை செய்தே ஓய்வுபெற்றவள் நான். மாத்திரை சாப்பிடும் ஒவ்வொருவருக்கும் இந்தப் புரதத்தைப் பற்றித் தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

சளியை ஸ்லைடில் பரப்பி, கார்பால் ஃபுக்சின் ஊற்றி, அடியில் சுடர் காட்டி ஆவி பறக்கச் சூடாக்குவோம். பிறகு கந்தக அமிலம். மற்ற எல்லாம் நிறத்தை விட்டுவிடும். காசநோய்க் கிருமி மட்டும் விடாது. அதன் சுவர் அப்படி, மெழுகும் கொழுப்புமாக இறுகியது. மெத்திலீன் நீலம் பூசிப் பார்த்தால் நீலப் பரப்பில் சிவப்புக் குச்சிகள் தெரியும். ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டுத் தறிக்காரர்கள், நகரி பக்கத்திலிருந்து தெலுங்கு பேசிக்கொண்டு வருபவர்கள், எல்லாருக்கும் அதே சிவப்புக் குச்சிதான். எல்லாரும் கேட்பதும் ஒரே கேள்விதான்: "ரெண்டு மாசத்துல இருமல் நின்னுடுச்சு, வெயிட்டும் ஏறிடுச்சு மேடம். இன்னும் நாலு மாசம் எதுக்கு?" ஆடிக் கிருத்திகை நெருங்கினால் இது அதிகமாகும். காவடிக்கு மாலை போட்டு விரதம் இருப்பவர்கள், வெறும் வயிற்றில் மாத்திரை புரட்டுகிறது என்று நிறுத்திவிடுவார்கள்.

கிருமி ஒளிந்திருக்கும் இடத்தைச் சொன்னால் அவர்களுக்குப் புரிகிறது. நுரையீரலின் காற்றுப்பைக்குள் மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கும் செல்கள் சுற்றிக்கொண்டிருக்கும். கிருமியை விழுங்கியதும் அது ஒரு சிறு பைக்குள் அடைபடும். அந்தப் பை செல்லுக்குள் நகர்ந்து, அமிலமும் செரிமான நொதிகளும் நிரம்பிய லைசோசோமோடு கலந்தால் கிருமிக்கு முடிவு. பை எப்போது எங்கே போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை ராப் புரதங்கள். மனித உடம்பில் அறுபதுக்கும் மேற்பட்ட ராப்கள் உண்டு. ராஸ் என்ற பெருங்குடும்பத்தின் ஒரு கிளை இவை. குடும்பம் முழுவதற்கும் வேலைமுறை ஒன்றே. மூன்று பாஸ்பேட் கொண்ட குவனோசின் ஒட்டியிருந்தால் புரதம் வேலை செய்யும். ஒரு பாஸ்பேட் உதிர்ந்து இரண்டானால் ஓய்ந்துவிடும். உதிர்க்கவும் புதிதாக ஏற்றவும் தனித்தனிப் புரதங்கள் இருக்கின்றன.

பை உருவானதும் அதன் மேல் முதலில் அமர்வது ராப் 5. சற்று நேரத்தில் அது இறங்கி, ராப் 7 ஏற வேண்டும். நம் ரயில் பாதையில் கார்டு மாற வேண்டிய ஸ்டேஷனில் புது கார்டு ஏறாவிட்டால் வண்டி அங்கேயே நிற்குமே, அதுதான் இங்கே நடக்கிறது. அமெரிக்காவில் வோயோ டெரெட்டிச்சின் குழு 1997-இல் காட்டியது இதை: காசநோய்க் கிருமி வகை இருக்கும் பையில் ராப் 5 இருக்கிறது, ராப் 7 வந்து சேரவில்லை. அடுத்தடுத்த ஆய்வுகள் கிருமி இதைச் செய்யும் வழிகளைச் சொல்லின. ராப் 5 பையின் மேல் கூட்டிவரும் ஒரு கொழுப்பு அடையாளத்தைக் கிருமியின் நொதி ஒன்று அழிக்கிறது. என்.டி.கே. என்ற இன்னொரு நொதி, இந்தக் குடும்பப் புரதங்களின் பாஸ்பேட்டை உதிர்த்து அவற்றை ஓயவைக்கிறது. ராப்பின் உறவான ரோ புரதங்கள் மீது அது அப்படி வேலை செய்வதை 2004-இல் வெளியிட்டவர்கள் டெல்லி விஞ்ஞானிகள். ராப்களையும் அது விடுவதில்லை என்று எலியின் மேக்ரோஃபேஜில் 2010-இல் காட்டியது வான்கூவர் குழு.

பை லைசோசோமோடு கலப்பதில்லை என்பதை 1971-லேயே லண்டனில் பார்த்தவர்கள் ஆர்ம்ஸ்ட்ராங்கும் பிலிப் டார்சி ஹார்ட்டும். உயிருள்ள கிருமியின் பை கலக்கவில்லை, சிதைந்த கிருமியின் பை கலந்தது. டார்சி ஹார்ட் நம் ஊருக்கும் தூரத்து உறவு என்று நான் நினைத்துக்கொள்வேன். அவருடைய பிரிவிலிருந்து வந்த வாலஸ் ஃபாக்ஸ்தான் 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையத்தை நடத்தினார். சானடோரியத்தில் படுக்காமல் வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டுக் குணமாகலாம் என்று அந்த மையம் 1959-இல் நிரூபித்தது. தாம்பரத்துக்கோ மதனப்பள்ளிக்கோ குடும்பத்தை விட்டுப் போக வேண்டியிருந்த காலம் அதோடு மாறத் தொடங்கியது. பிறகு 1968-இல், நாங்கள் அப்போது சேர்ந்திருந்த செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில், 3.6 லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பதிவுசெய்து பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை நடந்தது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை. குழந்தைகளை மூளைக் காசநோயிலிருந்து காப்பதால் அந்த ஊசி இன்றும் போடப்படுகிறது. கிருமி தங்கும் இடமே காவலன் வயிறு என்று பார்த்தால், இந்தத் தோல்வி எனக்கு அவ்வளவு வியப்பாக இல்லை.

காவல் செல் எப்போதும் தோற்பதும் இல்லை. வேறொரு வகைக் காவல் செல்களான டி செல்கள், இன்டர்ஃபெரான் காமா என்னும் தூதுப் புரதத்தை அனுப்பினால் மேக்ரோஃபேஜ் உசுப்பப்பட்டு, நின்ற பை மறுபடி நகரும். கிருமி தொற்றியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு வாழ்நாள் முழுதும் நோய் வராததற்கு இந்த எதிர்ப்பு ஒரு காரணம். சர்க்கரை நோயும் எச்.ஐ.வி.யும் அதைத்தான் பலவீனப்படுத்துகின்றன.

ஆகவே, "இன்னும் நாலு மாசம் எதுக்கு?" என்ற கேள்விக்கு இந்த மேடம் சொன்ன பதில் இதுதான். முதல் இரண்டு மாதத்தில் நான்கு மருந்துகள் வேகமாகப் பெருகும் கிருமிகளைக் கொன்றுவிடும்; சளியும் சுத்தமாகிவிடும். செல்லுக்குள்ளும் திசுவுக்குள்ளும் மெல்ல மூச்சுவிட்டுக் கிடப்பவை மிச்சம் இருக்கும். அடுத்த நான்கு மாதம் அவற்றுக்காக. விரதக்காரர்களுக்கு, மாத்திரை விழுங்குவது விரதத்துக்குப் பங்கமில்லை என்று நானே சொல்வேன். ஒத்துக்கொள்ளாவிட்டால் டாக்டரிடம் கேட்டு நேரத்தை மாற்றிக்கொள்ளலாம், நிறுத்தக் கூடாது.

நின்ற வண்டியை நகர்த்தும் மருந்து கிடைக்குமா என்றும் தேடுகிறார்கள். டெரெட்டிச் குழு 2004-இல், செல்லைப் பட்டினி போட்டோ ரபமைசின் என்னும் மருந்தைக் கொடுத்தோ, செல் தன்னைத் தானே செரிக்கும் வழியைத் திறந்து, தேங்கிய பைகளை லைசோசோமுக்கு அனுப்பிக் காட்டியது. ரபமைசின் நோயெதிர்ப்பையே அடக்குவதால் அதை அப்படியே நோயாளிக்குக் கொடுக்க முடியாது. கெடுதல் இல்லாமல் அதே வேலையைச் செய்யும் ஒன்று வந்தால் ஆறு மாதச் சிகிச்சைக் காலம் குறையக்கூடும். அதை நான் பார்த்துவிட வேண்டும்.