ரெண்டுமே ரோஸ் கலர்தான்... ஆபத்தானது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? கெமிஸ்ட்ரி லேபில் நடப்பது என்ன?

திருவண்ணாமலையில் 14 கி.மீ. கிரிவலம் கிளம்பினால், கொஞ்ச நேரத்திலேயே செங்கம் சாலையில் ரமணாசிரமம் பகுதி வந்துவிடும். குழந்தையோடு வருபவர்களுக்கு முதல் சோதனை சாலையோரக் கடைகளில்தான். "அப்பா, எனக்கு அந்த ரோஸ் கலர் மிட்டாய்!"

வாங்கிக் கொடுக்கலாமா? அந்த நிறம் எதிலிருந்து வந்தது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

2024-ல் என்ன நடந்தது?

பஞ்சு மிட்டாய் மாதிரிகளை ஆய்வகத்தில் சோதித்தபோது, துணிக்கும் காகிதத்துக்கும் போடும் 'ரோடமின்-பி' சாயம் இருப்பது தெரிந்தது. 2024 பிப்ரவரி 17 அன்று தமிழ்நாடு அரசு பஞ்சு மிட்டாய்க்குத் தடை விதித்தது. இந்தச் சாயத்தைப் பிடித்துக் கொடுத்த வித்தைதான், கல்லூரிகளில் வேதியியல் மாணவர்கள் படிக்கும் 'கருவிவழிப் பகுப்பாய்வு'.

கருவி எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஒவ்வொரு சாயமும் தனக்கென ஒரு ஒளியை விழுங்கும். ரோடமின்-பி அதிகம் விழுங்குவது சுமார் 554 நானோமீட்டர் ஒளியை. உணவில் சேர்க்க அனுமதியுள்ள எரித்ரோசின் விழுங்குவது சுமார் 527-ஐ. நம் கண்ணுக்கு ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே ரோஸ்தான். ஆனால் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டருக்கு வேறு வேறு.

ரெண்டு சாயமும் கலந்திருந்தால்?

அங்கேதான் 'ஹெச்.பி.எல்.சி' வருகிறது. இதைப் புரிந்துகொள்ள கிரிவலமே போதும். ஒன்றாகக் கிளம்பிய கூட்டத்தில், அஷ்டலிங்கம் ஒவ்வொன்றிலும் நின்று கும்பிடுபவர் பின்தங்குவார். நிற்காதவர் முன்னே போய்விடுவார். அதேபோல, கருவியின் குழாய்க்குள் நிரப்பிய பொருளோடு அதிகம் ஒட்டும் சாயம் தாமதமாகவும், ஒட்டாதது சீக்கிரமாகவும் வெளியே வரும். வரும் நேரத்தை வைத்து ஆளைப் பிடித்துவிடலாம்.

அப்போ பட்டனை அழுத்தினால் போதுமா?

போதாது. மாணவர்கள் பலர் சறுக்கும் இடம் இதுதான். கருவி தருவது வெறும் எண். அதற்கு அர்த்தம் கொடுப்பது மனிதர்.

முதலில் சாயமே இல்லாத கரைசலை வைத்துக் கருவியை பூஜ்ஜியத்தில் நிறுத்த வேண்டும். பிறகு லிட்டருக்கு 1, 2, 3, 4, 5 மில்லிகிராம் என்று அளவு தெரிந்த கரைசல்களை அளந்து, வரைபடத்தில் நேர்கோடு போட வேண்டும். அதன்பிறகுதான் மிட்டாய் கரைசலின் முறை.

ஒரு கணக்கு: 5 கிராம் மிட்டாயை 50 மி.லி.யில் கரைத்து, லிட்டருக்கு 2 மி.கி. என்று விடை வந்தால், ஒரு கிலோ மிட்டாயில் 20 மி.கி. சாயம். முதல் கரைசலையே தப்பாகக் கலக்கியிருந்தால்? கருவி தப்பான விடையையும் அதே நம்பிக்கையோடு காட்டும்!

ஏன் இவ்வளவு கவனம்?

ஒரு பக்கம் குழந்தையின் உடல்நலம். மறுபக்கம் மிட்டாய் விற்றுப் பிழைப்பவரின் வாழ்க்கை. அதனால்தான் சட்டப்படி எடுக்கும் உணவு மாதிரி நான்கு பங்காகப் பிரிக்கப்படுகிறது. வியாபாரி கேட்டால், ஒரு பங்கை அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். பகுப்பாய்வாளரின் அறிக்கை தனக்கு எதிராக வந்தால் அவர் மேல்முறையீடும் செய்யலாம்.

இன்று கல்லூரி லேபில் "எதுக்கு சார் இந்த வரைபடம்?" என்று கேட்கும் மாணவர், நாளை உணவுப் பகுப்பாய்வாளராக இப்படியொரு அறிக்கையில் கையெழுத்துப் போடலாம். அன்று அவருக்குக் கைகொடுக்கப்போவது அந்த வரைபடம்தான்.