மெய்நிகர் வலைக் கருவி பழுதானால்

ஊராட்சி அலுவலகத்தில் வீட்டு வரி செலுத்தவும், விவசாயிகள் பட்டா நகல் பெறவும் இன்று இணைய இணைப்பு வேண்டியிருக்கிறது. இணைப்பு நின்றால் கம்பி அறுந்தது என்றே நாம் முதலில் எண்ணுகிறோம். கம்பி செம்மையாக இருந்தும், தொலைவிலுள்ள தரவு மையத்தில் செய்திகளை வழிப்படுத்தும் ‘ரௌட்டர்’ செயலிழந்திருக்கக் கூடும்.

முன்னர் ரௌட்டர் என்பது தனிப் பெட்டியாக இருந்தது. இப்பொழுது தரவு மையங்களில் ஒரே பெரிய கணினிக்குள் இத்தகைய கருவிகள் பலவற்றை மென்பொருளாகவே இயக்குகின்றனர். இவையே மெய்நிகர் கருவிகள். ஏரிப் பாசனத்தில் நீர்க்கட்டி செய்யும் வேலையை இவை செய்கின்றன. நீர்க்கட்டி விலகினால் வேறொருவரை அமர்த்தலாம்; எந்த மடையை எவர் வயலுக்கு எப்பொழுது திறப்பது என்ற முறை அவரோடு போய்விட்டால் ஊரில் சச்சரவுதான். கருவியின் ‘அமைப்பு விவரம்’ என்பது அந்த முறையைப் போன்றது. மெய்நிகர் கருவியைச் சில நிமிடங்களில் புதிதாக உண்டாக்கலாம். அமைப்பு விவரத்தை அவ்வாறு உண்டாக்க இயலாது.

மீட்பவர் முதலில் பழுதான கருவியின் கோப்பை நகலெடுத்துத் தனியே வைத்துவிட வேண்டும். பின்பு அதை அறவே நிறுத்த வேண்டும். பழையதும் புதியதும் ஒரே முகவரியுடன் இயங்கினால் இணைப்பு மேலும் குழம்பும். புதிய கருவியை அதே மென்பொருட் பதிப்பில் உண்டாக்கி, இணைப்பு வாயில்களைப் பழைய வரிசையிலேயே பொருத்துதல் அவசியம். வரிசை மாறினால் ஒரு வாயிலுக்குரிய கட்டளை மற்றொன்றில் போய் அமரும். அதன் பின்னரே அமைப்பு விவரத்தை ஏற்றிச் சோதிக்க வேண்டும். ஏற்றிய விவரம் பல கருவிகளில் தற்காலிக நினைவகத்தில் மட்டுமே நிற்கும். நிலையாகச் சேமிக்காமல் விட்டால், அடுத்த முறை மின்சாரம் போய் வந்ததும் அது மறைந்துவிடும்.

‘ஸ்னாப்ஷாட்’ எடுத்திருக்கிறோம் என்று சிலர் நிம்மதியாக இருப்பதுண்டு. அது பெரும்பாலும் அதே கணினியின் அதே வட்டில் கிடப்பது. வட்டு போனால் அதுவும் போகும். 2021 மார்ச் 10ஆம் நாள் பிரான்சு நாட்டின் ஸ்திராஸ்பூர் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் தீக்கிரையாயிற்று. காப்பு நகல்களையும் அவ்விடத்திலேயே வைத்திருந்த வாடிக்கையாளர் சிலர் இரண்டையும் இழந்தனர்.

நாற்காலிக்கும் மேசைக்கும் இருப்புப் பதிவேடு வைக்கும் அலுவலகங்கள் பலவற்றில் அமைப்பு விவரத்துக்குப் பதிவேடு இருப்பதில்லை. பராமரிப்பு ஒப்பந்தம் செய்யும்போது உறுப்பினர்கள் ஒப்பந்தக்காரரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு. நகல் எங்கே இருக்கிறது? எந்தத் தேதியில் எடுத்தது? அதைக் கொண்டு ஒருமுறையேனும் கருவியை மீட்டுப் பார்த்தாயிற்றா? உரிமச் சாவிகளும் பாதுகாப்புச் சான்றிதழ்களும் சில கருவிகளில் இந்நகலில் சேரா. அவற்றையும் தனியே பெறுதல் வேண்டும். நகலில் கடவுச்சொற்கள் அடங்கியிருக்கக் கூடுமாதலால், அதை வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிவைத்தல் ஆகாது.