ஆற்றுவோரின் அயர்வு

மனநோயைப் பற்றி வாய் திறக்கவே கூசிய காலம் ஒன்றிருந்தது. இன்று பலரும் பேசுகிறோம், நல்லதே. ஆயின், அந்நோயாளருக்கு இரவும் பகலும் செவிசாய்க்கும் மருத்துவரையும் செவிலியரையும் ஆலோசகரையும் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? பிறர் துயரைக் கேட்பதையே தொழிலாகக் கொண்டவரும் ஊனும் உயிரும் உடையவரன்றோ?

இவர்களைப் பீடிக்கும் சோர்வை ஆராய்ந்து எழுதிய முன்னோடி ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் என்னும் உளவியலாளர். 1926ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்து, நாஜிகளின் கொடுமைக்குத் தப்பிச் சிறுவனாகவே அமெரிக்கா சேர்ந்தவர். நியூயார்க்கில் பகலெல்லாம் தம்மிடம் வருவோரைக் கவனித்துவிட்டு, மாலையில் இலவச மருத்துவ நிலையம் ஒன்றுக்குச் சென்று இரவு நெடுநேரம் வரை தொண்டாற்றினார். அங்கு வந்தவருள் போதைக்கு அடிமையான இளைஞர் பலர். ஆர்வத்துடன் சேர்ந்த தொண்டர்கள் ஏறத்தாழ ஓராண்டுக்குள் வாடிப்போவதை அவர் கண்டார். தாமும் அவ்வாறே வாடினார். அதனை ‘எரிந்து தீர்தல்’ எனப் பொருள்படும் ‘பர்ன் அவுட்’ என்ற சொல்லால் குறித்து, 1974இல் கட்டுரை வெளியிட்டார். நாம் பணிச்சோர்வு என்கிறோம். எனக்கென்னவோ அந்த ஆங்கிலச் சொல்லில் உள்ள நெருப்பின் சூடு நம் சொல்லில் இல்லை என்றே படுகிறது.

அவர் தந்த அறிகுறிகள் மிகச் சாதாரணமானவை. விடாத சளி, தலைவலி, வயிற்றுக் கோளாறு, உறக்கமின்மை, சிறு சொல்லுக்கும் பொங்கும் சினம். நேற்றுவரை நோயாளியின் பெயர் சொல்லி நலம் விசாரித்தவர் இன்று ‘அந்த மூன்றாம் கட்டில்’ என்று சொல்லத் தொடங்குவாரானால், அவரது இதயம் கல்லாகிவிட்டது என நாம் முடிவுகட்டிவிடுகிறோம். உண்மை வேறு. அதிகமாக ஈடுபட்டு உழைப்பவரே முதலில் இதற்கு ஆளாகிறார் என்பது பிராய்டன்பெர்கரின் கருத்து.

தடுக்கும் வழிகளையும் அவர் அக்கட்டுரையிலேயே கூறினார். ஒருவரையே ஒரே கடினப் பணியில் நெடுநாள் வைத்திராமல் மாற்றிவிடுக, பணிநேரத்துக்கு வரம்பு இடுக, விடுப்பைக் கட்டாயமாக்குக, ஆட்களைப் பெருக்குக. இவை யாவும் நிர்வாகத்தின் கடமைகள் என்பதைக் கவனிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் 2019இல் பணிச்சோர்வை ஒரு நோயாகக் கொள்ளாமல், முறையாகக் கையாளப்படாத பணியிட நெருக்கடியின் விளைவு என்றே வரையறுத்தது. அப்படியிருக்க, ஊழியரை ஒருநாள் தியானப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டு மறுநாள் முதல் இரட்டைப் பணிமுறை தருவது, காலில் முள் இருக்கத் தலைக்குத் தைலம் தடவுவது போலாகும்.

ஆட்கள் எங்கே என்று நிர்வாகிகள் கேட்பர். அதுவும் நியாயமே. 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வில், கேரளத்தில்கூட ஒரு லட்சம் மக்களுக்கு ஏறத்தாழ ஒரு மனநல மருத்துவரே இருந்தார்.

இல்லத்தாருக்கும் இதில் பங்குண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் இரகசியத்தைக் காக்கப் பணிக்கிறது. ஆகவே, பகலில் கேட்ட கொடுமைகளை உங்கள் மகளோ மருமகனோ உணவு மேசையில் சொல்ல இயலாது. அவற்றை இறக்கி வைக்க, அனுபவம் மிக்க மூத்த ஆலோசகர் ஒருவருடன் ஒழுங்காகப் பேசும் வாய்ப்பு அவர்களுக்கு வேண்டும். பணியிடத்தில் அது உண்டா என்று கேளுங்கள். வீடு திரும்பியதும் அவர்களை ஒரு மணி நேரமாவது சும்மா இருக்க விடுங்கள். ‘நீ மனநல ஆலோசகர்தானே, உன் சித்தியிடம் கொஞ்சம் பேசு’ என்று தொலைபேசியைக் கையில் திணிக்கும் வழக்கத்தை அன்றைக்காவது ஒத்திப்போடலாம். சித்திக்காக, அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது.