உஷார்! கேஸ் டியூபுக்கு ஒட்டுப் போடாதீர்கள்

சமையலறையில் லேசாக கேஸ் வாடை. "டியூப்ல எங்கயோ கசியுது, டேப் சுத்திவிட்டா சரியாயிடும்" என்கிறார் வீட்டில் ஒருவர். தயவுசெய்து அந்த டேப்பை வாங்கி ஓரமாக வையுங்கள். டியூபில் டேப் சுற்றுவது, ரெகுலேட்டர் ஓரத்தில் எம்-சீல் அப்புவது, வால்வின் மேல் சோப்புக் கட்டியைத் தேய்ப்பது எல்லாம் நம் வீடுகளில் சர்வசாதாரணமாக நடக்கின்றன. இவற்றால் கசிவு நிற்பதில்லை. வாடைதான் கொஞ்ச நேரம் குறைகிறது. அந்தக் கொஞ்ச நேரம்தான் உயிரை வாங்குகிறது.

அடுப்பைப் பழுதுபார்க்கலாம். சிலிண்டருக்கும் அடுப்புக்கும் நடுவில் இருக்கும் எதையும் பழுதுபார்க்கக் கூடாது, புதிதாக மாற்றத்தான் வேண்டும். மாற்றியும் ஆபத்து தீராத வீட்டில் இணைப்பையே துண்டித்துவிட வேண்டும். இந்த மூன்றில் நம் வீடு எதில் நிற்கிறது என்று முடிவெடுப்பதைத்தான் பலரும் மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார்கள்.

ஏன் இவ்வளவு பதற்றம் என்று கேட்கலாம். சமையல் கேஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் மேலே எழும்பிப் போகாது. தரையோடு தரையாகப் படர்ந்து மேடைக்கு அடியிலும், கட்டிலுக்கு அடியிலும், ஃபிரிட்ஜின் பின்பக்கத்திலும் தேங்கி நிற்கும். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே தீப்பற்றும் நிலை வந்துவிடும். எட்டடிக்குப் பத்தடி சமையலறையைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுமார் ஒரு கிலோ கேஸ் போதும். வீட்டுச் சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. இரவில் மூடிக்கிடந்த சமையலறையில் விடியற்காலை பால் காய்ச்ச எழுந்து லைட் சுவிட்சைத் தட்டும்போதுதான் எத்தனையோ விபத்துகள் நடந்திருக்கின்றன. தீக்குச்சியே தேவையில்லை. சுவிட்சுக்குள் எழும் சிறு பொறி போதும். ஃபிரிட்ஜ் தானாக ஓடத் தொடங்கும்போது எழும் பொறியும் போதும்.

ஆகவே வாடை வந்தால் எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எக்ஸாஸ்ட் ஃபேன் பக்கம் கை போகவே கூடாது. சாமி விளக்கோ, ஊதுபத்தியோ எரிந்தால் அணையுங்கள். ரெகுலேட்டரை மூடிவிட்டு, ஜன்னலையும் கதவையும் விரியத் திறந்து, வீட்டில் இருப்பவர்களை வெளியே கூட்டிப்போங்கள். மெயின் சுவிட்ச் வீட்டுக்கு வெளியே இருந்தால் மட்டும் அதை அணைக்கலாம். ரெகுலேட்டரை மூடியும் சிலிண்டர் வாயிலிருந்தே சீறினால், ரெகுலேட்டரைக் கழற்றி, நைலான் கயிற்றில் தொங்குமே அந்த மூடி, அதை அழுத்தி மாட்டுங்கள். புது சிலிண்டர் வந்ததும் அந்தக் கயிற்றை வெட்டி மூடியைத் தூக்கி எறிகிற வீடுகள் நிறைய. தயவுசெய்து எறியாதீர்கள், அவசரத்துக்கு அது ஒன்றுதான் துணை. பிறகு வெளியே வந்து, வெளியிலிருந்தே 1906க்குப் போன் செய்யுங்கள். கேஸ் கசிவுக்கென்றே இரவும் பகலும் இயங்கும் எண் அது. தீ பிடித்துவிட்டால் 101.

ஆபத்து நீங்கிய பிறகுதான் பழுதா, மாற்றமா என்ற கேள்வி. கசிவு எங்கே என்று தெரிய சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள், குமிழி வரும் இடம்தான் ஓட்டை. தீக்குச்சி காட்டிப் பார்க்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

குமிழி டியூபில் வந்தால் அந்த டியூப் அன்றோடு முடிந்தது. வெடித்த முனையை மட்டும் வெட்டிவிட்டு மீதியைச் செருகுவார்கள். ஒரு முனை வெடித்திருந்தால் முழு ரப்பரும் காய்ந்துவிட்டது என்று பொருள். உள்ளே கம்பிப் பின்னல் வைத்த ஆரஞ்சு நிற சுரக்‌ஷா டியூபுக்கே ஆயுள் 5 வருடம்தான். டியூபின் மேலேயே வருடம் அச்சாகியிருக்கும், உங்கள் வீட்டு டியூபில் அது என்னவென்று இப்போதே போய்ப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கேறி எழுத்தே தெரியவில்லை என்றால் அதுவே பதில். அழகுக்காக டியூபின் மேல் துணி உறை போடுவதும் வேண்டாம். விரிசலும் எலிக் கடியும் கண்ணில் படாமல் போய்விடும்.

ரெகுலேட்டர் மாட்டிய இடத்தில் ஆடினாலோ, 'டிக்' என்று சரியாக உட்காராவிட்டாலோ மாற்றுங்கள். திறந்து ஸ்பிரிங்கைச் சரிசெய்கிறேன் என்று யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள். சிலிண்டர் வாய்க்குள் இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்து அதனால் கசிவதும் உண்டு. சிலிண்டர் கொண்டுவரும் தம்பியிடம் அங்கேயே சோதித்துக் காட்டச் சொல்லி வாங்குவது உங்கள் உரிமை. சிலிண்டரின் கழுத்து வளையத்தைத் தாங்கும் பட்டையின் உட்புறம் 'பி 28' என்பதுபோல் எழுதியிருக்கும். ஏ, பி, சி, டி ஆகியவை வருடத்தின் நான்கு காலாண்டுகள். பி 28 என்றால் 2028 ஜூன் மாதத்துக்குள் அந்தச் சிலிண்டருக்கு மறுசோதனை நடக்க வேண்டும். அந்தத் தேதி தாண்டியதை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

அடுப்பு வேறு விஷயம். சுடர் மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பிடித்தால் பர்னரைச் சுத்தம் செய்யலாம், நாப் இறுகினால் மெக்கானிக் சரிசெய்வார். ஆனால் 2006 தேர்தல் வாக்குறுதிக்குப் பின் அரசு இலவசமாகத் தந்த அடுப்பு இன்னும் எரிகிறது என்று பெருமையாகச் சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலைதான் வருகிறது. எரிவது உண்மைதான், உள்ளே குழாய் துருப்பிடித்திருப்பது யாருக்குத் தெரியும்?

இனி, துண்டிக்க வேண்டிய வீடுகள். இதைத்தான் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

சிலிண்டரை வெளியே வைத்து, செம்புக் குழாயைச் சுவருக்குள் புதைத்து அடுப்புக்குக் கொண்டுவருவது இப்போது புது வீடுகளில் வழக்கம். அந்தப் புதைத்த குழாயில் கசிவு என்றால் தேடிக்கொண்டிருக்காதீர்கள். அந்த வழியையே நிரந்தரமாக மூடிவிட்டு, கண்ணுக்குத் தெரியும்படி சுவர்மேல் புதுக் குழாய் ஓட்டுங்கள். ரப்பர் டியூபைச் சுவர் ஓட்டை வழியே நுழைத்திருந்தால் அது கசிந்தாலும் கசியாவிட்டாலும் எடுத்துவிட வேண்டியதுதான். காற்றுப் புகாத குளியலறைக்குள் கேஸ் கீசர் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். அங்கே வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிக்கப் போனவர் மயங்கி விழுவார், கதவு உள்ளே தாழிட்டிருக்கும். பழுதுபார்த்தால் தீரும் ஆபத்தல்ல அது.

பிள்ளைகள் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்க, ஊரில் அப்பாவும் அம்மாவும் தனியாக வாழும் வீடுகளைப் பற்றித்தான் எனக்கு அதிகப் பயம். கேஸுக்கு இயற்கையில் மணம் கிடையாது. கசிந்தால் நமக்குத் தெரியட்டும் என்றுதான் எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றமடிக்கும் பொருளைக் கலக்கிறார்கள். வயதானால் மூக்கு மங்கும். கொரோனா வந்துபோன பிறகு மணம் முழுதாகத் திரும்பாதவர்களும் உண்டு. ஊரே முகம் சுளிக்கும் வாடை அவர்களுக்கு மட்டும் தெரியாது. பால் பொங்கி அடுப்பை அணைத்துவிடும், கேஸ் மட்டும் வந்துகொண்டே இருக்கும். நாம் வாங்கும் அடுப்புகளில் பெரும்பாலானவற்றில், சுடர் அணைந்தால் தானாக கேஸை நிறுத்தும் வசதி இல்லை. மறதி தொடங்கிவிட்ட ஒருவர் தனியாகச் சமைக்கும் வீட்டில் புது டியூப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவது போதாது. இன்டக்‌ஷன் அடுப்பும் அதற்கேற்ற தட்டையான எவர்சில்வர் பாத்திரங்களும் வாங்கிக் கொடுத்து, ஒரு வாரம் கூடவே இருந்து பழக்கிவிட்டு, கேஸை எடுத்துவிடுங்கள். "என் கையில அடுப்பே வேண்டாங்கிறியா?" என்று அம்மா கேட்பார். கோபப்படுவார், அழவும் செய்வார். கையில் அடுப்பு இருக்கத்தான் போகிறது என்று பொறுமையாகச் சொல்லுங்கள். அந்தக் கோபத்துக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள்.

பூட்டிக்கிடக்கும் வீட்டில் சிலிண்டரை மாட்டியபடி விட்டுச் செல்வதும் இதே அளவு ஆபத்து. ஆளில்லாத வீட்டில் எலிக்குத்தான் ராஜ்யம். சில மாதப் பயணம் என்றால் ரெகுலேட்டரைக் கழற்றி மூடி போட்டுவிடுங்கள். இனி வரப்போவதில்லை என்றால் ஏஜென்சியில் ஒப்படையுங்கள். இணைப்பு எடுத்தபோது தந்த டெபாசிட் ரசீதோடு சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் கொடுத்தால் ரசீதில் உள்ள டெபாசிட் தொகை திரும்பக் கிடைக்கும். பக்கத்து வீட்டுக்கோ, குடிவந்தவருக்கோ அப்படியே கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். விபத்தில் வீட்டுக்குச் சேதம் என்றால், எண்ணெய் நிறுவனங்களின் காப்பீடு இணைப்பு பதிவான முகவரிக்குத்தான் செல்லும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. "கேஸ் கம்பெனியிலிருந்து செக்கிங்" என்று சீருடையோடு வந்து, நன்றாக இருக்கும் டியூபைக் கழற்றிப் போட்டுவிட்டு மட்டமான சரக்கைத் தலையில் கட்டும் கும்பல்கள் சுற்றுகின்றன. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சோதனை கட்டாயம் என்பது உண்மை. ஆனால் அடையாள அட்டையைக் கேளுங்கள், ஏஜென்சிக்குப் போன் போட்டு உறுதி செய்யுங்கள், அதுவரை வாசல் தாண்ட விடாதீர்கள்.

இதைப் படித்து முடித்ததும் ஊரில் இருக்கும் பெரியவர்களுக்குப் போன் செய்து, டியூபில் என்ன வருடம் போட்டிருக்கிறது என்று கேளுங்கள். அவர்களால் படிக்க முடியவில்லை என்றால் இந்த வார இறுதியிலேயே நேரில் போய்ப் பாருங்கள்.