உங்களுக்குத் தெரியுமா? நிரல் எப்போது முடிந்தது என்று கணினி எப்படி அறிகிறது?

1950இல் கொழும்பில் தொடங்கிய பொறியியல் பீடம் 1964இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. மகாவலிக் கரையிலுள்ள அந்தப் பீடத்தில் இன்று கணினிப் பொறியியலுக்கெனத் தனித் துறை இருக்கிறது. அங்கே படிப்பவர்களும் கண்டியில் மென்பொருள் எழுதுபவர்களும் தங்கள் நிரல்களின் வேகத்தை அளந்து பார்க்க வேண்டியவர்கள். தொடக்கத்தைக் குறித்துக்கொள்வது எளிது. முடிவைச் சரியாகப் பிடிப்பதில்தான் அளவீட்டின் நம்பகம் இருக்கிறது.

முறையாக முடிந்தால்தான் அறிக்கை
'ஜிப்ரொஃப்' என்ற புகழ்பெற்ற அளவீட்டுக் கருவியை சூசன் கிரஹாம், பீட்டர் கெஸ்லர், மார்ஷல் கேர்க் மெக்குசிக் ஆகிய மூவரும் 1982இல் உலகுக்கு அறிமுகப்படுத்தினர். நிரலின் எந்தப் பகுதி எவ்வளவு நேரம் எடுத்தது என்று அது எடுக்கும் கணக்கு, நிரல் ஓடும்வரை நினைவகத்திலேயே சேரும். நிரல் முறையாக முடியும்போதுதான் அது கோப்பில் எழுதப்படும். நடுவில் கொல்லப்பட்டால் அத்தனை மணி நேரக் கணக்கும் போய்விடும்.

செய்தி பெற்றோருக்கே
லினக்ஸில் ஒவ்வொரு செயன்முறையையும் (ஓடிக்கொண்டிருக்கும் நிரலையும்) இன்னொரு செயன்முறைதான் தொடக்கிவைக்கிறது. தொடக்கிவைப்பது பெற்றோர், தொடக்கப்பட்டது பிள்ளை. பிள்ளை முடிந்ததும் பணிசெயல் முறைமை பெற்றோருக்கு ஒரு சிக்னல் அனுப்பும். பெற்றோர் அதன் முடிவுக் குறியீட்டை வாங்கிக்கொள்ளும்வரை, முடிந்துபோன பிள்ளையின் பெயர் பட்டியலில் 'ஸொம்பி'யாக நிற்கும். அதை வாங்கும்போதே, பிள்ளை செலவிட்ட செயலி நேரத்தையும் அது தொட்ட அதிகபட்ச நினைவக அளவையும் கேட்டுப் பெறலாம். அளவீட்டுக் கருவியே நிரலைத் தொடக்கிவைப்பது நல்லது என்பதற்கு இதுவே காரணம்.

137 என்றால் என்ன?
முடிவுக் குறியீடு 0 என்றால் நிரல் வெற்றியாக முடிந்தது என்று பொருள். 137 வந்தால் அதிலிருந்து 128ஐக் கழியுங்கள். மிஞ்சும் 9, கட்டாயமாகக் கொல்லும் சிக்னலின் எண். நினைவகம் தீர்ந்துபோகும்போது லினக்ஸ் தானே இப்படிக் கொல்வதுண்டு. 139 என்றால் மிஞ்சுவது 11. நிரல் தனக்கு உரிமையில்லாத நினைவகத்தைத் தொட்டிருக்கிறது. இந்தக் குறியீட்டைப் பார்க்காதவர், பாதியில் செத்த ஓட்டத்தையே 'வேகமான ஓட்டம்' என்று அட்டவணையில் எழுதிவிடுவார்.

எண் ஒன்று, ஆள் வேறு
ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் செயன்முறையைக் கண்காணிக்கும் கருவி அதன் பெற்றோர் அல்ல. அதனால் அதன் செயன்முறை எண்ணைச் சொல்லி, 'இந்த எண்ணில் யாராவது இருக்கிறீர்களா?' என்று திரும்பத் திரும்பக் கேட்பதே பழைய வழக்கம். இதில் ஓர் ஆபத்து உண்டு. பேராதனையின் அருணாசலம் மண்டபத்தில் ஒரு மாணவர் பட்டம் பெற்றுப் போனதும் அதே அறை எண் புதியவருக்குப் போகிறது அல்லவா? செயன்முறை எண்களும் அப்படித்தான். லினக்ஸில் நெடுங்காலம் வழக்கமாக இருந்த உச்சவரம்பு 32768. உச்சவரம்பைத் தொட்டதும் எண்கள் கீழிருந்து மறுபடி வழங்கப்படும். ஆகவே எண்ணோடு தொடக்க நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

2019இல் வந்த விடிவு
அந்த ஆண்டு வெளியான லினக்ஸ் 5.3, ஓடிக்கொண்டிருக்கும் செயன்முறை ஒன்றுக்குக் கோப்புபோன்ற ஒரு பிடியைத் திறந்து தரத் தொடங்கியது. எண் வேறொருவருக்குப் போனாலும் பிடி மாறாது. செயன்முறை முடிந்த உடனே பிடி அதைத் தெரிவித்துவிடும். பெற்றோராக இருக்க வேண்டியதில்லை.

விண்டோஸில் 259
விண்டோஸில் இத்தகைய பிடி நெடுங்காலமாகவே உண்டு. ஆனால் முடிவுக் குறியீட்டைக் கேட்கும்போது 259 வந்தால் 'இன்னும் ஓடுகிறது' என்று பொருள். ஒரு நிரல் உண்மையிலேயே 259 என்ற குறியீட்டுடன் முடிந்தால், குறியீட்டை மட்டும் நம்பும் கருவி முடிவில்லாமல் காத்திருக்கும். பிடியின் மீதே காத்திருப்பதுதான் சரியான வழி.

விநாடிக்கு ஒருமுறை போதாது
விநாடிக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கும் கருவி, 2 விநாடியில் முடிந்த நிரலுக்கு 3 விநாடி வரை எழுதிவிடலாம். 0.2 விநாடியில் பிறந்து மறையும் செயன்முறை அதன் கண்ணிலேயே படாமல் போகலாம். லினக்ஸின் கருவான கெர்னலின் உள்ளேயே, ஒவ்வொரு செயன்முறையும் வெளியேறும் கணத்தில் தகவல் தரும் கண்காணிப்புப் புள்ளி ஒன்று இருக்கிறது. அதைக் கேட்கும் கருவிக்கு எதுவும் தப்பாது.

தலைவர் போனாலும் வேலை ஓடும்
சில நிரல்கள் பிள்ளைகளைப் பிறப்பித்து வேலையை ஒப்படைத்துவிட்டுத் தாம் முடிந்துவிடும். முதல் செயன்முறை முடிந்ததும் கடிகாரத்தை நிறுத்தினால் உண்மையான வேலை கணக்கில் வராது. லினக்ஸில் அவை எல்லாவற்றையும் ஒரே கட்டுப்பாட்டுக் குழுவில் அடைத்துவிடலாம். குழுவில் எவரும் மிஞ்சவில்லை என்ற அறிவிப்பு வரும்போதுதான் வேலை முடிந்தது.

சொல்லாமல் போகும் முடிவு
2022 மார்ச் 31 அன்று இலங்கையில் 13 மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியைத் தொட்டதால் நாடு முழுவதும் இருண்டது என்று அமைச்சர் கூறினார். மின்சாரம் போனால் சிக்னலும் இல்லை, குறியீடும் இல்லை. ஆகவே நீண்ட ஓட்டத்தின் தொடக்கத்தை உடனே வட்டில் எழுதுங்கள். இடைநிலைக் கணக்கையும் அவ்வப்போது எழுதுங்கள். தொடக்கம் இருந்து முடிவு இல்லாத பதிவு எதுவோ அதை அட்டவணையிலிருந்து நீக்குங்கள்.

ஆய்வுக் கட்டுரையில் ஒரு நேர அளவை எழுதும் ஒவ்வொரு மாணவரும் அதன் அருகே முடிவுக் குறியீட்டையும் எழுதினால், அந்த எண்ணை எடுத்தாளும் அடுத்தவர் ஏமாற மாட்டார்.